கூண்டிலிருந்து வந்த கடிதங்கள்

புனிதர்களின் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எல்லாம் ஒரே முகம்: மேலே பார்க்கும் கண்கள், கையில் குருத்தோலை, வலியே தெரியாத நெற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியாவுக்கு வந்து கொல்லப்பட்ட கத்தோலிக்கக் குருக்களைப் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய கடிதங்களை எடுத்தால் வேறொரு ஆள் வந்து எதிரில் உட்காருகிறார். தியோஃபான் வேனார் அப்படி ஒருவர்.

யார் இவர்? 1829இல் பிரான்சில் ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு மறைபணிச் சபைக் குருவாக 1854இல் தோங்கிங், அதாவது இன்றைய வட வியட்நாம், போய்ச் சேர்ந்தார். அங்கே கிறிஸ்தவத்துக்குத் தடை. நோயோடு ஒளிந்து ஒளிந்தே ஆறு வருஷம் ஓடியது. 1860 நவம்பரில் பிடிபட்டார். மரக்கூண்டில் அடைத்து ஹனோய்க்குக் கொண்டுபோய், 1861 பிப்ரவரி 2ஆம் தேதி தலையை வெட்டினார்கள். வயது 31.

கூண்டுக்குள்ளிருந்து வீட்டுக்கு எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு எழுதியதுதான் பிரபலம். தோட்டக்காரர் தன் விருப்பத்துக்குப் பறிக்கும் வசந்தகாலப் பூவோடு தன் சாவை ஒப்பிடுகிறார். அழகான உவமைதான். ஆனால் சாகப் போறவன் இவ்வளவு நிதானமாகவா எழுதுவான்? இது கடைசிக் கடிதம், பலர் வாசிப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். தன் படத்தைத் தானே வரைந்து கொடுக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அக்கா மெலானிக்கு எழுதிய கடிதம் வேறு மாதிரி. நேரம் நள்ளிரவை நெருங்குகிறது. கூண்டைச் சுற்றி ஈட்டியும் வாளும். ஒரு மூலையில் காவல் வீரர்கள் சீட்டு விளையாடுகிறார்கள். எண்ணெய் விளக்கின் ஆடும் வெளிச்சத்தில் சீனத் தாளில் எழுதிக்கொண்டிருக்கிறார். குருத்தோலைப் படத்தில் இந்தச் சீட்டாட்டத்துக்கு இடம் கிடையாது. தன்னைக் கொல்லப் போகும் அரசின் சிப்பாய்கள் அலுப்பில் சீட்டுப் போடுவதைக் கவனித்து எழுதியவரை நான் எழுத்தாளர் என்றே சொல்வேன்.

இதைச் சரியாக வாசித்த ஒருவர் இருந்தார்: லிசியே மடத்தில் காசநோயில் படுத்திருந்த குழந்தை தெரேசா. வேனாரின் படத்தைத் தன் படுக்கைத் திரையில் மாட்டி வைத்திருந்தார். அவருக்குப் பிடித்தது வேனாரின் சிரிப்பும் குடும்பப் பாசமும். விதியைப் பாருங்கள்: 1897இல் தெரேசா இறந்த பிறகு அவருக்கும் இதே கதைதான். அவர் எழுதியதைத் திருத்தி வெளியிட்டார் ஓர் அக்கா. முகத்தை மென்மையாக்கி வரைந்தார் இன்னோர் அக்கா. மூலக் கையெழுத்துப் பிரதி 1956இலும் அசல் புகைப்படங்கள் 1961இலும்தான் வெளியே வந்தன. படத்தைப் புனிதமாக்குகிறவர்கள் எதிரிகள் இல்லை, பாசக்காரர்கள்.

பாசத்தோடு நின்றுவிடவும் கூடாது. வேனார் பிடிபடுவதற்கு முந்தைய ஆண்டு, 1859இல், பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்திருந்தது. ஹனோய் அதிகாரிகளின் கண்ணில் கூண்டிலிருந்த பிரெஞ்சுக்காரர் யாராகத் தெரிந்திருப்பார்? கடிதங்களை வாசிக்கும்போது அந்தக் கண்ணையும் கொஞ்சம் கடன் வாங்க வேண்டும்.

இன்னொன்று. கூண்டிலிருந்து கடிதம் தானாகப் பறந்து போகாது. அதைக் கொண்டுபோன கைகள் இருந்தன. 1988இல் புனிதர்களாக அறிவிக்கப்பட்ட வியட்நாம் மறைசாட்சிகள் 117 பேரில் 96 பேர் வியட்நாமியர்கள். அவர்களில் ஒருவரான பிலிப்பு மின் நம்முடைய பினாங்கு குருமடத்தில் படித்தவர், 1853இல் கொல்லப்பட்டார். வேனாருக்குக் கடிதங்களைச் சேர்த்து 1864இலேயே புத்தகமாக்க ஒரு தம்பி இருந்தார். மற்றவர்களில் எத்தனை பேருக்கு அப்படி வாய்த்தது?

வேனாரை வாசியுங்கள். பூ உவமையை வேகமாகத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை. சீட்டாடும் அந்தச் சிப்பாய்களிடம் கொஞ்சம் நில்லுங்கள். அந்த அறையில் இருந்த மற்ற மனிதர்கள் நம் பார்வைக்கு வருவது அந்தச் சில வரிகளில்தான்.