அல்லியின் சட்டம்

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலசாலையைப் பற்றிச் சொல்கிறது. சரித்திரக்காரர்கள் படுக்கைகளை எண்ணுவார்கள். எனக்கு முக்கியம் வைத்தியரின் பெயர்: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். நள்ளிரவில் பாசறைக்குள் புகுந்து, தூங்குகிற பிள்ளைகளை வெட்டியவனின் பெயரோடு ஒருவர் நோயாளிகளுக்கு நடுவே நடமாடியிருக்கிறார். சிரஞ்சீவி என்பதற்காக வைத்த பெயராக இருக்கலாம். எப்படியானாலும், பாரதம் அப்போதே வெறும் நூலல்ல. ஜனங்கள் குடியிருக்கிற இடம்.

அந்த இடத்தில் பின்னால் வந்தவர்கள் போட்டுக்கொண்ட புதிய வீடுகள்தான் என் விஷயம்.

பலர் சேர்ந்து ஒரு கற்பனை உலகத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக அதில் புகுந்து விளையாடுவது இப்போது புதுமையாகப் பேசப்படுகிறது. 1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. அடுத்த வருஷமே எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற மொழியியல் பேராசிரியர், தான் நெடுநாள் கட்டிவைத்திருந்த தெகுமேல் உலகத்தை விளையாட்டாக வெளியிட்டார். அதற்கென்று மொழி, எழுத்து, தெய்வங்கள், குலங்கள் எல்லாம் செய்திருந்தார். பிரமிக்கத்தக்க உழைப்பு. ஆனால் மண்ணும் அவருடையது, வீடும் அவருடையது. தாயக்கட்டை உருண்டு முடிவைச் சொல்கிறது. நம்மூர்க் கூத்துக்காரனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அவன் உலகத்தில் தாயக்கட்டை ஏற்கனவே உருட்டப்பட்டாகிவிட்டது. துரியோதனன் படுகளத்தில் விழுந்தே தீரவேண்டும். கிடைக்கிற இடைவெளிகளில்தான் புதியவர்களைக் குடியேற்ற முடியும்.

அர்ச்சுனனின் தீர்த்த யாத்திரை அப்படியொரு இடைவெளி. அதில் முளைத்தவள் அல்லி. மதுரையை ஆள்கிறாள், ஆண்வாடை ஆகாது, மந்திரி, காவல், சேனை எல்லாம் பெண்கள். பெரிய எழுத்துப் புத்தகமாக வந்த 'அல்லி அரசாணி மாலை'யைப் புகழேந்தியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். சிறையிலிருந்த புலவர், தண்ணீருக்கு வந்த பெண்களுக்குப் பாடிக்கொடுத்தாராம். நளவெண்பா எழுதிய கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கேட்பவர்கள் யார் என்பதை அந்தக் கட்டுக்கதை சரியாகவே சொல்லிவிடுகிறது.

அல்லியைப் படைத்தவன் (படைத்தவளாகவும் இருக்கலாம்) ஒரு பாத்திரத்தை மட்டும் உண்டாக்கவில்லை, ஒரு சட்டத்தையே உண்டாக்கினான். அந்தச் சட்டத்துக்கு என்ன நேர்கிறது? அர்ச்சுனன் பாம்பாக உருமாறி உள்ளே நுழைகிறான். தூங்குகிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். அவள் ஆத்திரப்படுகிறாள், சண்டைக்கு நிற்கிறாள். கடைசியில் புலந்திரனுக்குத் தாயாகிறாள். பிறகு பிள்ளை பவளத்தேர் கேட்டு அழ, பவளம் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியைக் கட்டிக்கொள்கிறான். தூங்குகிறவர்கள்மேல் கை வைத்தது அசுவத்தாமனுக்குச் சாபமாயிற்று, அர்ச்சுனனுக்கோ கல்யாணமாயிற்று. பொது உலகம் அல்லியை ஏற்றுக்கொண்டது, அவள் சட்டத்தை ஏற்கவில்லை. கதாநாயகனின் பட்டியலில் இன்னொரு பெயராக அவளைச் சேர்த்துக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகமும், 1934-இல் தியாகராஜ பாகவதரை அறிமுகப்படுத்திய 'பவளக்கொடி' படமும் இந்தப் பட்டியலைத்தான் பாட்டோடு கொடுத்தன.

இதைக் காலத்தின் குறை என்று தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. இதே பாரத உலகம் இன்னொருவனுக்கு வேறுவிதமாக நடந்துகொண்டிருக்கிறது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தன் காவல் நிற்கிறான். முஸ்லிம் குதிரை வீரன். குருக்ஷேத்திரத்துக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று பண்டிதர் சிரிப்பார். காலவழுதான். ஆனால் இங்கே உலகம் அவனைத் திருத்தவில்லை. மதம் மாற்றவில்லை, பூர்வஜன்மத்தில் யாதவன் என்று சமாதானம் சொல்லவில்லை. ராவுத்தனாகவே நிற்கவைத்துப் படையலும் போடுகிறது. அவனுக்காகத் தன் வாசலைக் கொஞ்சம் இடித்துக் கட்டிக்கொண்டது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளிவந்த தம் நூலில் இவனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நம்மிடம் அப்படி ஒரு விசாரிப்பு அதிகமில்லை. ந. முத்துசாமி புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை நவீன நாடகக்காரர்களிடம் கொண்டுவந்து சேர்த்தார், பெரிய காரியம். அதற்குப் பிறகு நாம் அடவையும் கிரீடத்தையும் பற்றிப் பேசிய அளவுக்கு, கூத்து யாரையெல்லாம் புதிதாக உள்ளே விட்டது, யாரை வாசலில் உடைத்தது என்று பேசவில்லை.

துகிலுரிதலின்போது, வேஷம் கட்டிய ஆண் திரௌபதியாக நிற்க, ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். எழுதிவைத்த கதையைவிட நடக்கிற காரியம் பெரிது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் கணம் அது. அல்லிக்கு அப்படி ஒரு கணத்தை யாரும் இன்னும் எழுதவில்லை. அவள் விழித்துக்கொண்டு, கழுத்தில் கிடப்பதைத் தடவிப்பார்க்கிற அந்த நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்தலாம்.