கத்துற முகமும் சரியுற பெட்டியும்

போன மாதம் நண்பர் ஒருவர் தன் கேமுக்கு ஐகான் தேர்ந்தெடுக்க உதவி கேட்டார். ஒரு வருஷமாக, ஆபீஸ் முடிந்த பிறகு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தனியாளாகச் செய்த கேம். விஷயம் ரொம்ப எளிமை: லாரியில் பெட்டிகளை அடுக்க வேண்டும், ஸ்பீடு பிரேக்கரில் லாரி குதிக்கும்போது அடுக்கு சரியக் கூடாது. அவ்வளவுதான்.

சேமிப்பிலிருந்து காசு கொடுத்து ஒரு ஓவியரிடம் இரண்டு ஐகான் வரைந்து வாங்கியிருந்தார். ஒன்றில், முறுக்கு மீசை டிரைவர் வாயைப் பிளந்து கத்துகிறார். இன்னொன்றில் சாய்ந்து நிற்கும் பெட்டி அடுக்கு, மேல் பெட்டி அப்படியே நழுவுகிற கணம். "எதை வைக்கலாம், சொல்லுங்க"ன்னார். ரெண்டுமே நல்லா வரைஞ்ச படம். அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டத்தில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. கூகுள் பிளே 512-க்கு 512 பிக்சலில் ஐகான் கேட்கிறது, ஆப்பிள் 1024-க்கு 1024. ஓவியர் அந்தப் பெரிய சதுரத்தில்தான் வரைகிறார், நண்பரும் லேப்டாப்பில் முழுத்திரையில்தான் பார்க்கிறார். ஆனால் வாங்குபவர் கையில் அது கட்டைவிரல் நகத்தளவுதான். அதுவும் தனியாக இல்லை, மேலும் கீழும் பத்து ஐகான்கள் வரிசையில் நிற்கும். மீசையின் முறுக்கு, சட்டையின் மடிப்பு, பெட்டியின் மரவரி எல்லாம் அங்கே காணாமல் போய்விடும். ஒரு பெரிய வடிவம், இரண்டு மூன்று நிறம், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நல்ல வித்தியாசம், இவைதான் மிஞ்சும். எனவே எந்த ஐகானையும் முதலில் போனில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, அந்த நகத்தளவு இடத்தில் எதைச் சொல்வது? பெரிய கன்சோல் கேம்களுக்கு டிரெய்லர் உண்டு, விமர்சனம் உண்டு, யூடியூபில் விளையாடிக் காட்ட ஆள் உண்டு. அங்கே கடைப் படம் ஒரு அடையாளம்தான். கேஷுவல் கேமை எடுப்பவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிஷத்தில் எடுக்கிறார். விளக்கத்தைப் படிக்க மாட்டார். அவருக்குக் கிடைக்கும் தகவலே அந்தப் படம்தான். அதனால் அது 'உன் விரல் இங்கே என்ன செய்யப் போகிறது' என்பதைச் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

2010-இல் வந்த ஃப்ரூட் நிஞ்ஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுப்பட்ட தர்பூசணி, தெறிக்கும் சாறு. பார்த்ததுமே விரலால் கோடு இழுக்கத் தோன்றும். இழுத்தால் கேமிலும் அதேதான் நடக்கும். தலைப்பில் நிஞ்ஜா இருந்தாலும் பழத்தை நம்பியதுதான் கெட்டிக்காரத்தனம். 2014-இல் வந்த 2048 இன்னும் சிக்கனம்: மஞ்சள் கட்டம், அதில் அந்த எண். கேமின் இலக்கும் அந்தக் கட்டத்தை உருவாக்குவதுதான். ஓவியம் என்று சொல்லவே ஒன்றுமில்லை, ஆனால் பொய்யும் இல்லை.

"ஆங்ரி பேர்ட்ஸ்ல வெறும் முகம்தானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009-இல் வந்த அந்த கேமின் ஐகானில் உண்டிவில் இல்லை, பன்றியில்லை. புருவம் நெரித்த சிவப்புப் பறவையின் முகம் மட்டும். ஆனால் அந்தப் பறவையைத்தான் நாம் இழுத்து எறியப் போகிறோம். அந்தக் கோபம்தான் போய் மோதப் போகிறது. அங்கே முகமே ஆயுதம். எனவே அதை விதிவிலக்காக நான் பார்க்கவில்லை.

2012-இல் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் வந்தது. மஞ்சள் மீசைக்காரன் வாய்விட்டுக் கத்தும் ஐகான். ஊரைத் தாக்கப் போகும் கேமுக்கு அந்தக் கூச்சல் பொருந்தியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. போர் கேம், விவசாய கேம், சமையல் கேம் என்று எல்லா ஐகானிலும் யாரோ ஒருவர் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். காப்பியடித்தவர்கள் கூச்சலை எடுத்துக்கொண்டார்கள், அது ஏன் அங்கே இருந்தது என்பதை விட்டுவிட்டார்கள். பத்துப் பேர் வரிசையாகக் கத்தினால் யாருடைய குரலும் கேட்காது. நண்பரின் டிரைவரும் அந்த வரிசையில் பதினோராவது ஆளாகத்தான் எனக்குத் தெரிந்தார்.

ஐகானைத் தாண்டினால் ஸ்கிரீன்ஷாட்டுகள். ஆப்பிளின் விதிமுறையில் 2.3.3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் ஆப்பை உபயோகத்தில் காட்ட வேண்டும், வெறும் தலைப்புப் படத்தையோ லாகின் பக்கத்தையோ காட்டினால் போதாது என்கிறது. கூகுள் 2021-இல் 'நம்பர் ஒன்', 'இலவசம்' மாதிரியான வாசகங்களை ஐகானிலும் பெயரிலும் போடக் கூடாது என்று அறிவித்தது. 2022 செப்டம்பரிலிருந்து ஸ்டீம் கடையிலும் முகப்புப் படங்களில் விருது, மதிப்பெண், தள்ளுபடி எதையும் எழுத முடியாது. கடைக்காரர்களே 'கத்தாதே, காட்டு' என்று சொல்லும் நிலைமை!

இருந்தும் பொய் வேறு வழியில் நுழையும். கடைக்கு ஆளை இழுக்கும் விளம்பரம் ஒரு கேமைக் காட்டும், உள்ளே போனால் வேறு கேம் இருக்கும். 2020-இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் ஆகிய கேம்களின் இரண்டு விளம்பரங்களைத் தடுத்தது. விளம்பரத்தில் ஊசியை இழுத்து ஆளைக் காப்பாற்றும் புதிர். உள்ளே பெரும்பகுதி மூன்றைச் சேர்க்கும் கேம். அந்தப் புதிரும் உள்ளே ஓரளவு இருக்கிறதே என்பது நிறுவனத்தின் வாதம். மொத்த அனுபவத்தை அது பிரதிபலிக்கவில்லை என்பது ஆணையத்தின் பதில். எனக்கு இதில் பிடித்தது அந்த அளவுகோல்தான். படத்தில் இருப்பது உள்ளே எங்கேயாவது ஒரு மூலையில் இருந்தால் போதாது, அதுவே கேமாக இருக்க வேண்டும்.

"டெஸ்ட் பண்ணிப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது" என்றார் நண்பர். இரண்டு ஐகானையும் ஆளுக்குப் பாதியாகக் காட்டிப் பார்க்கும் வசதி பிளே ஸ்டோரிலேயே இருக்கிறது. செய்தோம். டிரைவர் முகத்துக்கு டவுன்லோட் கொஞ்சம் கூடுதல். ஆனால் வந்தவர்களின் மொத்தக் கணக்கே சின்னது, எதையும் நிரூபிக்காது. அதோடு, எத்தனை பேர் எடுத்தார்கள் என்பது ஒரு கேள்வி, எடுத்தவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கும் அதே பக்கத்தில் கணக்கு உண்டு. பலர் முதல் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் எண்ணை மட்டும் துரத்தினால் எல்லா ஐகானும் கடைசியில் கத்துகிற முகத்தில்தான் போய் நிற்கும்.

கடைசியில் முடிவைச் சொன்னது அக்கா மகள். ஆறு வயது. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள், கேம்களைப் படம் பார்த்துத்தான் எடுக்கிறாள். முன்பு ஒருமுறை நாய்க்குட்டியைக் குளிப்பாட்டும் படத்தைப் பார்த்து ஒரு கேமைப் போட்டுத் தரச் சொன்னாள். உள்ளே குளிப்பாட்டலே இல்லை, நிறத்தைச் சேர்க்கும் கட்டங்கள். ரொம்ப நேரம் தேடிவிட்டு என்னிடம் வந்து, "மாமா, நான் தப்பா எதையாவது அமுக்கிட்டேனா?" என்று கேட்டாள். பொய் சொன்னது படம், குற்றவுணர்ச்சி குழந்தைக்கு. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இந்த முறை நண்பரின் இரண்டு ஐகானையும் என் போனில் போட்டு நீட்டினேன். டிரைவரைப் பார்த்து, "இந்த அங்கிள் ஏன் கத்துறாரு? சண்டை கேமா?" என்றாள். பெட்டியைக் காட்டினேன். "ஐயோ, விழப் போகுது!" என்று விரலைக் கொண்டுபோய் அதைத் தாங்கப் பார்த்தாள்.

நண்பர் பெட்டியையே வைத்தார். டவுன்லோட் ஒன்றும் பிய்த்துக்கொண்டு போகவில்லை. மீசைக்காரருக்குக் கொடுத்த காசு வீணாச்சே என்று இன்னும் புலம்புகிறார். டிரைவரை கேமுக்குள்ளே, லாரி சீட்டில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். பெட்டி விழும்போது கத்தட்டும்.