கிற்றார் விரியலாக்கியும் நுண்தொனி நாட்டமும்

விரியலாக்கி எனப்படுவது மெலிந்த மின்னலையொன்றை அதன் வடிவு கெடாமல் வலிதாக்கும் கருவி என்பர் பாடநூலார். வழக்கிலே நாம் அம்பிளிபயர் என்று சொல்வது இதனையே. வானொலிப் பெட்டிக்கும் பேச்சுமேடைக்கும் இவ்விலக்கணம் செவ்வனே பொருந்தும். மின்கிற்றாருக்கென இயற்றப்படும் விரியலாக்கிக்கோ இது பொருந்துவதன்று. அங்கே வடிவு கெடுதலே அழகெனப் போற்றப்படுகின்றது. மேனாடுகளிலே இக்கருவியைக் கையால் இயற்றுவோர் ஒரு சாரார் உளர். ஒரு தடையியைக் கழற்றி, அதே அளவினதான வேறொன்றைப் பொருத்திவிட்டு, தொனி மேம்பட்டதா என்று நாட்கணக்காகச் செவிசாய்த்திருப்பர். அரை நூற்றாண்டுக்கு முன் செய்த வால்வு ஒன்றுக்குப் பெருந்தொகை கொடுப்பர். இவர்தம் முயற்சியிற் கலை எவ்வளவு, மயக்கம் எவ்வளவு என்று பிரித்தறியலாகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. எள்ளி நகையாடுதல் எளிது, அது திறனாய்வாகாது.

லியோ பெண்டர் என்பார் 1938 இல் கலிபோர்ணியாவின் புல்லர்ட்டன் நகரிலே வானொலி திருத்தும் கடை வைத்தவர். கிற்றார் வாசிக்க அறியாதவர். மந்தர ஒலி தரும் கிற்றாருக்கென அவரது நிறுவனம் 1952 இல் 'பாஸ்மன்' என்னும் விரியலாக்கியை வெளியிட்டது. அதன் 5எஃப்6-ஏ எனக் குறிக்கப்பெறும் சுற்று 1958 முதல் 1960 வரை செய்யப்பட்டது. பெண்டர் நாடியது தெளிந்த ஒலி. வாசித்தோரோ திருகைகளை எல்லைவரை திருப்பினர். வால்வு தாங்கும் எல்லை கடந்ததும் அலையின் முடி வெட்டுண்டு தட்டையாகும். வெட்டுண்ட அலையிலே முன்னில்லாத மேற்றொனிகள் பிறக்கின்றன. மூலசுரத்தின் மீடிறனிலும் இருமடங்கானது மேற்றாயிச் சட்சம். மும்மடங்கானது அதற்கும் மேலுள்ள பஞ்சமம். இவை இசைக்கு உறவானவை ஆதலின் செவி இவற்றைக் குற்றமெனத் தள்ளாது செழுமையெனக் கொள்கின்றது. சுரங்கள் பலவற்றை ஒருங்கே மீட்டினால் அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகிய வேற்றொலிகளும் எழுந்து இரைச்சலாகும். ஆகவே இவ்வகை இசையினர் பெரும்பாலும் சட்ச பஞ்சமங்களை மாத்திரமே சேர்த்து மீட்டலாயினர். பொறியியலாளர் குற்றமென விலக்கியது ஒரு புதிய இசைவகைக்கு இலக்கணமாயிற்று. அதனை வேண்டுமென்றே வருவித்தோரும் உளர். 1964 இல் கிங்க்ஸ் குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் கூம்பைச் சவர அலகினாற் கீறிவிட்டார். அக்கிழிந்த ஒலியே அவ்வாண்டு அக்குழுவுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகின்றது. வடிவு கெடாமையே இலக்காயின் அதற்குக் கருவிகொண்டு அளக்கும் அளவுகோல் உண்டு. எவ்வாறு கெட்டால் அழகு என்பதற்கு அளவுகோல் இல்லை. செவியே நீதிபதி. நீதிபதி நேர்மையாளராயினும், அவர் முன் வழக்கு எவ்வாறு கொண்டுவரப்படுகின்றது என்பதை நாம் கேட்டல் வேண்டும்.

சிறு மாற்றங்கள் யாவும் பொய்யென்று கொள்வோர் மார்ஷல் வரலாற்றை நோக்குக. ஜிம் மார்ஷல் இலண்டனின் மேற்புறத்து ஹன்வெல் என்னுமிடத்தில் முரசுக் கடை வைத்திருந்தவர். அமெரிக்கக் கருவிகள் அங்கே பெருவிலையாயிருந்தமையால், 1962 இல் கென் பிரான், டட்லி கிரேவன் என்போரின் துணையோடு மேற்கூறிய 5எஃப்6-ஏ சுற்றையே ஏறக்குறைய அப்படியே படியெடுத்தார். ஜேரிஎம்45 எனப் பெயர் பெற்ற அக்கருவியின் ஒலி பாஸ்மனின் ஒலியன்று. எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய வேறுபாடு அது. காரணம் யாது? முதல் வால்வு பெண்டரிடத்தே 12ஏவை7. மார்ஷலிடத்தே அதனினும் இருமடங்குக்கு மேற் பெருக்கவல்ல ஈசிசி83. வெளியீட்டு வால்வு அங்கே 5881, இங்கே கேரி66. நிலைமாற்றி பிரித்தானியச் சந்தையிற் கிடைத்தது. இவை யாவற்றினும் முதன்மையானது ஒலிபெருக்கி: பெண்டரின் பெட்டி பின்புறம் திறந்தது, பத்தங்குலக் கூம்புகள் நான்கு, மார்ஷலின் பெட்டி முற்றும் மூடியது, பன்னிரண்டங்குலக் கூம்புகள் நான்கு. படத்திலே கோடுகள் ஒன்றாயிருந்தும் ஒலி இரண்டாயிற்று. மாற்றியோர் தொனியை நாடி மாற்றினரல்லர். கையிற் கிடைத்ததை வைத்துச் செய்தனர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளல் தகும்.

மிக நுண்ணிய மாற்றமும் இடமறிந்து செய்யப்படின் மெய்யானதே. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் நூலிழையை மயிரிழையளவு நகர்த்தினால் ஜீவாரி பிறத்தலும் மறைதலும் நாமறிந்தவை. விரியலாக்கியினுள்ளும் அத்தகைய இடங்கள் உள. உள்வரும் மின்னலையைச் சுமக்கும் கம்பி, பலமடங்கு பெருகிய அலையைச் சுமக்கும் கம்பியின் அருகே கிடந்தால், இரண்டிற்குமிடையே காற்றினூடாகவே பின்னூட்டல் நிகழும். சிலபோது உச்சத்தொனிகள் மங்கும், சிலபோது கருவி தானாகவே ஊளையிடும். ஆதலின் தேர்ந்தோர் கருவியை இயக்கிவிட்டு, சீனர் உணவுண்ணும் மரக்குச்சி போன்ற ஒன்றினாற் கம்பிகளைச் சிறிது சிறிதாகத் தள்ளிக் கேட்பர். (இதைப் படித்துவிட்டு முயல எண்ணும் மாணவருக்கு ஒரு சொல்: அப்பெட்டியினுள் 400 உவோற்றுக்கு மேல் மின்னழுத்தம் இருக்கும், நிறுத்திய பின்னும் ஒடுக்கிகளில் அது தங்கி நின்று உயிரைக் குடிக்க வல்லது.) நியூ ஜேர்சியிலே 'ட்ரெயின்ரெக்' என்னும் பெயரில் கருவிகள் இயற்றிய கென் பிஷர் இக்கலையில் வல்லவர். தொடரிலக்கம் இடுவதற்குப் பதிலாகத் தம் கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயரை இட்டார். அவர் 2006 இற் காலமானார்.

இனி மறுபுறம் நோக்குவாம். ஒடுக்கியின் அளவை 0.1 மைக்கிரோபரட்டிலிருந்து 0.02 ஆக்கினால் மந்தர ஒலி குறையும் என்பதில் ஐயமில்லை. அளவு மாறாமல், ஒரு நிறுவனத்தாரின் மஞ்சள் நிற ஒடுக்கிக்கு மற்றொரு நிறுவனத்தாரின் செந்நிற ஒடுக்கியை இட்டதனால் ஒலி 'திறந்து மலர்ந்தது' என்பாரை நாம் சற்று நிறுத்தி வினவல் வேண்டும். கிற்றார் ஒலிபெருக்கி செக்கனுக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை விரைந்து கைவிடும் இயல்பினது. மலர்ந்தது எவ்விடத்தில்? அதனையே நுணுகி மாற்றாது அதன் முன்னுள்ள துணிக்கைகளை மாற்றுதல், கண்ணாடி மங்கியிருக்க விளக்கின் திரியை ஆராய்வதை ஒக்கும். பழைய கரித்தடையிகளுக்காக வாதிடுவோரிடம் ஓரளவு உண்மை உண்டு. உயர்ந்த மின்னழுத்தத்தில் அவற்றின் தடை சிறிது மாறி அலையின் வடிவைச் சற்றே வளைக்கும். ஆயின் அவை இரையும். ஆண்டுகள் செல்ல அளவும் ஏறும்.

மூலத்தைப் போற்றுவார்க்கு இதனினும் பெரிய இடையூறு ஒன்றுண்டு. 1950களில் விற்ற தடையிகள் குறித்த அளவிலிருந்து நூற்றுக்குப் பத்தோ இருபதோ விலகியிருத்தல் இயல்பு; மின்பகுபொருள் ஒடுக்கிகளின் விலகல் இன்னும் பெரிது. ஆகவே ஒரே நாளில் ஒரே மேசையிலிருந்து இறங்கிய இரு பாஸ்மன் கருவிகளே தம்முள் ஒத்தனவல்ல. எதனைப் படியெடுக்கின்றோம்? ஓரேட்டில் நேர்ந்த எழுத்துப் பிழையையும் ஆசிரியன் பாடமெனக் காக்கும் பதிப்பாசிரியரின் நிலை இது. அன்றியும் அறுபதாண்டு கழித்து அக்கருவியை அளப்போர், செய்தவன் இட்ட அளவையன்று, காலம் திரித்த அளவையே காண்பர்.

செவியின் சாட்சியத்துக்கு வருவாம். ஓர் ஒடுக்கியை மாற்றிப் பற்றாசு பிடித்து மீண்டும் இயக்க அரைமணி நேரமாகும். தொனியின் நுண்வேறுபாட்டைச் செவி நினைவில் வைத்திருப்பதோ சில கணங்கள். இடைவெளியை நிரப்புவது விருப்பம். மேலும் ஒரு தெசிபெல்லிலும் குறைந்த உரப்பு மிகுதியை நாம் உரப்பென உணர்வதில்லை. 'நன்று' என்றே உணர்கின்றோம். உரப்பு மாறினால் மந்தர உச்ச ஒலிகளின் விகிதமும் செவிக்கு மாறித் தோன்றும் என்பதை பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் 1933 இலேயே காட்டினர். வயலின் உலகிலே இச்சாட்சியம் முறைப்படி சோதிக்கப்பட்டது. 2010 இல் இந்தியானாபொலிஸ் நகரிற் கிளோடியா பிரிட்ஸ் முதலியோர், 21 வயலின் கலைஞருக்குக் கண்மறைப்பு அணிவித்து, ஸ்ராடிவாரி இரண்டு, குவார்னேரி ஒன்று, புதியன மூன்று என ஆறு வயலின்களைக் கொடுத்தனர். மரத்தின் பழமணம் காட்டிக்கொடாதிருக்க மோவாய் படுமிடத்தில் நறுமணமும் பூசினர். பெரும்பாலார் பழையதெது, புதியதெது என்று அறிந்திலர்; மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஸ்ராடிவாரி ஒன்றே. கிற்றார் விரியலாக்கி இயற்றுவோரும் இவ்வாறு தம்மைச் சோதித்துக்கொள்ளத் தடையாதுமில்லை. இரு ஒடுக்கிகளை ஓர் ஆளியால் மாற்றக்கூடியதாக இணைத்து, உரப்பைச் சமப்படுத்தி, ஆளியை வேறொருவர் கையிற் கொடுத்தாற் போதும். இதனைச் செய்யாமலே தீர்ப்பு வழங்குவோர் பலராயிருத்தலே யாம் இவர்மேற் சாற்றும் குறை. நுணுக்கம் நாடியமை குறையன்று.

இவ்வளவும் கேட்டு, 'எல்லாம் மனமயக்கம்' என்று ஆய்வுகூடத்தார் எழுந்து செல்வராயின் அவரையும் மறித்தல் வேண்டும். விரியலாக்கி வாசிப்போனுக்கு வாத்தியத்தின் ஒரு பகுதி. வால்வுத் திருத்தி உடைய கருவியிலே தந்தியை வன்மையாகத் தாக்குங்கால் உள்மின்னழுத்தம் ஒருகணம் தாழ்ந்து மீளும். தாக்கிய சுரம் சற்றே அமுங்கிப் பின் எழும். பதிவுசெய்த ஒலியை இருந்து கேட்போன் இதனைப் பிரித்தறியான். மீட்டும் கை அறியும். அறிந்து தன் தாக்குதலை மாற்றிக்கொள்ளும். கேட்போர்க்குத் தேறாத வேறுபாடு வாசிப்போர்க்குத் தேறுமாயின், அதன் பயன் மறைமுகமாகக் கேட்போரையும் சேர்கின்றது. ஆதலின் சோதனைக்கு அமர்த்த வேண்டியவன் வாசிப்போனே.

கலிபோர்ணியாவிலே தனியொருவராய் விரியலாக்கி இயற்றி 2022 சனவரியிற் காலமான அலெக்சாண்டர் டம்பிள் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார் போலும். வாங்க வந்தவனின் வாசிப்பைக் கேட்டு, அவன் கைக்கேற்பக் கருவியைத் திருத்திக் கொடுப்பது அவர் வழக்கம். சுற்றினைப் பிறர் காணாதவாறு பிசின் ஊற்றி மூடியும் விடுவார். அவர் கருவிகள் ஓர் இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேல் விலைபோயின. பிற்காலத்தார் அப்பிசினைச் சுரண்டி வரைபடம் எழுதினர். உள்ளே கண்டவை பெரும்பாலும் கடையிற் கிடைக்கும் பாகங்களே. சுற்றும் பெண்டரின் சுற்றிலிருந்து வளர்ந்ததே. அவ்வரைபடங்களைக் கொண்டு இன்றும் பலர் கருவி இயற்றுகின்றனர். அவற்றுட் சில நன்றாகவே ஒலிக்கின்றன என்பர் வாசித்தோர்.