சுவரில் நாற்பது ஆடுகள்

தொடக்கப் பள்ளிக் கண்காட்சியை ஒரு சுற்று சுற்றி வந்தாலே எதை யார் செய்தார்கள் என்று தெரிந்துவிடும். தெர்மாகோல் லேசில் வளைந்து கொடுக்கிற பொருள் அல்ல. மழுங்கிய கத்தி பட்டால் மணிமணியாக உதிரும். ஸ்பிரே பெயிண்ட் அடித்தால் கரைந்து குழி விழும். எல்லாப் பசையும் அதற்கு ஒத்துவராது. விளிம்பு வழவழவென்று அறுபட்டு, ஓட்டுக்கூரையில் இறங்கும் மழைநீர் ஸ்ட்ரா குழாய் வழியாகத் தொட்டிக்குப் போகிற 'மழைநீர் சேகரிப்பு' வீட்டை இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்திருக்க முடியாது. இரவு பதினோரு மணி வரை கண்விழித்த அப்பாவுக்கோ, பள்ளி வாசல் ஸ்டேஷனரி கடைக்காரருக்கோ போக வேண்டிய பாராட்டு அது.

இதற்காக 'ப்ராஜெக்ட்' என்ற ஏற்பாட்டையே தூக்கிப் போடச் சொல்வது அவசரம். அது வந்த வழி நல்ல வழி. ஏட்டுச் சுரைக்காயை மனப்பாடம் செய்ய வைத்த வகுப்பறைக்குள் கைவேலை நுழைந்தது பெரிய மாற்றம். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலைப் படிப்பின் நடுவில் வைத்தது. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2012-13இல் முப்பருவ முறையுடன் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தபோது, நூறு மதிப்பெண்ணில் நாற்பது, செயல்பாடுகளும் அடங்கிய வளரறி மதிப்பீட்டுக்குப் போனது. செய்து பார்ப்பதற்கும் மதிப்பெண் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது.

செய்து பார்ப்பதில் கிடைப்பது கொஞ்சநஞ்சமல்ல. கத்தரிக்கோல் பிடிக்கப் பழகிய விரலுக்குப் பென்சிலும் எளிதாக வசப்படும். அறிவியல் கல்வியாளர் அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் இருந்தபோது, சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி வடிவங்கள் செய்யச் சொல்லிக்கொடுத்தார். குச்சிகளால் ஆன சதுரத்தை விரலால் அழுத்தினால் சாய்ந்துவிடும்; முக்கோணம் அசையாது. பாலத்திலும் கூரையிலும் முக்கோணம் ஏன் வருகிறது என்பதைக் குழந்தையின் விரலே சொல்லிவிடும். ஆகும் செலவு சில ரூபாய்.

நம் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் இதன் தலைகீழ். மதிப்பெண் வந்ததும் செய்கிற பிள்ளையை விட்டுவிட்டுச் செய்த பொருளைப் பார்க்கத் தொடங்கினோம். பதிவேட்டில் ஒட்ட, வாட்ஸ்அப் குழுவில் போட, ஆய்வுக்கு வருகிறவருக்குக் காட்டத் தோதாக இருக்கிறதா என்பதே அளவுகோல் ஆனது. கோணல்மாணலாக இருக்கும் பிள்ளை வேலை அந்தப் புகைப்படத்துக்கு ஒத்துவராது. இதில் ஆசிரியரை மட்டும் குறைசொல்வதில் நியாயமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஓவியத்துக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி எவரும் இல்லை. தமிழ்நாடு 2012இல் ஐயாயிரம் ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களும் நடுநிலை வகுப்புகளுக்கானவர்களே. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவையும் முடிக்கிறவரிடம் கலைப் பாடமும் சேர்த்துக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? "வீட்டில் செய்து எடுத்து வா" என்பார்.

வீட்டுக்குப் போனதும் ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகிறது. சார்ட், கிளிட்டர், ஐஸ்கிரீம் குச்சி, ஃபெவிகால் என்று நீளும் பட்டியல் ஒரு வீட்டில் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. தினக்கூலி வீட்டில் அன்றைய காய்கறிக் காசு. வாங்க முடியாத பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும். தச்சர் வீட்டுப் பிள்ளை அப்பாவோடு உட்கார்ந்து செதுக்கி எடுத்து வந்தால் அது அருமையான கல்வி, மறுக்கவில்லை. ஆனால் அந்த அப்பாவின் மரத்துண்டு பளபளப்புக் காகிதத்துக்குப் பக்கத்தில் மங்கித் தெரிகிறது, மதிப்பெண்ணும் அப்படியே விழுகிறது.

வகுப்பிலேயே செய்தாலும் தப்பிவிட முடியாது. ஆட்டின் உருவம் அச்சிட்ட தாளைக் கொடுத்து உள்ளே பஞ்சு ஒட்டச் சொல்கிறோம். முடிவில் சுவரில் நாற்பது ஆடுகள், நாற்பதும் ஒரே பக்கம் பார்த்தபடி. நம்மூர்ச் செம்மறி பழுப்பாகவும் கறுப்பாகவும் இருக்கும் என்பது ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அதைச் சொல்ல அந்தத் தாளில் இடமே இல்லை. ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு இதைப் படங்களோடு காட்டியிருக்கிறார்: தன் போக்கில் பறவை வரைந்துகொண்டிருந்த குழந்தை, அச்சிட்ட பறவைகளுக்கு வண்ணம் தீட்டிய பிறகு அந்த அச்சுப் பறவையையே வரையத் தொடங்கியது.

வெற்றுத் தாள் கொடுத்து 'குழாயடி' வரையச் சொல்லிப் பாருங்கள். குடம் ஆளைவிடப் பெரிதாக இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் குழாயைச் சுற்றி நாலு திசையிலும் படுத்த மாதிரி இருப்பார்கள். ஓரத்தில் தங்கை மட்டும் விரல் அளவு. அளவு தெரியாமல் போட்டதல்ல அது. அந்த வயதில் எது முக்கியமோ அது பெரிதாகும், சுற்றியிருப்பது எல்லாமே ஒரே நேரத்தில் தெரியும். அதை அழித்துச் சரிசெய்யும் ஆசிரியரும் அம்மாவும் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள்; போவது பிள்ளையின் பார்வை. தெர்மாகோல் வீட்டைவிட இந்தக் குழாயடிக்கு நான் பல மடங்கு கூடுதல் மதிப்புத் தருவேன்.

ஒழுங்கான மாதிரிக்கும் இடம் உண்டு என்பார்கள். உண்டு. காகிதம் மடித்துக் கப்பல் செய்யவும், பனையோலையில் காற்றாடி செய்யவும் முதலில் ஒருவரைப் பார்த்துத்தான் பழக வேண்டும். உத்தி கற்றுக்கொள்ளாத சுதந்திரம் சீக்கிரம் சலித்துவிடும். ஆனால் காற்றாடி சுற்றவில்லையென்றால் பிள்ளையே ஓலையைப் பிரித்து மறுபடி மடிக்கும். பஞ்சு ஆட்டில் அப்படித் திருத்த ஒன்றுமில்லை, சரியா தப்பா என்று டீச்சர் சொன்னால்தான் உண்டு.

ஆகவே பள்ளிகளிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்பு வரை ப்ராஜெக்டை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளி நேரத்தில், பள்ளி கொடுக்கும் காகிதத்திலும் களிமண்ணிலும் செய்ய விடுங்கள். அதற்கு மதிப்பெண் போடாதீர்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடுத்த கண்காட்சியில் கோணலாக நிற்கும் வீட்டைப் பார்த்தால், அதைச் செய்த பிள்ளையிடம் எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளை நிறுத்தாமல் சொல்லும்.