கண்ணப்பரும் கண்கொடையும்: ஒரு மறுநோக்கு

கண்தான மேடைகளிற் கண்ணப்ப நாயனாரை எடுத்துக்காட்டுதல் வழக்கம். அவ்வொப்புமை உவப்பானதே, பொருத்தமானதா என்பது ஆராயத்தக்கது. திண்ணனார் உயிரோடிருக்கையிலே, தம் கண்முன் குருதி சொரிந்தவர்க்கு ஈந்தார். இக்காலக் கொடையாளரோ இறந்தபின், முகமறியாத ஒருவர்க்கு ஈகின்றனர். ஆகவே ஒப்புமையை வேறிடத்திலே தேடுதல் வேண்டும்.

சேக்கிழார் இந்நிகழ்ச்சியை அமைத்துள்ள முறை நோக்கற்பாலது. திண்ணனார் முதலில் மூலிகைகளைத் தேடிப் பிழிகின்றார். குருதி நில்லாதபோதே ஊனுக்கு ஊனே மருந்தெனத் துணிகின்றார். மறுகண்ணையும் அகழ முற்படுகையில் இறைவன் கை அவரைத் தடுக்கின்றது. கொடைக்கு எல்லை வகுத்தவர் கொடுத்தவரல்லர், பெற்றவரே. இக்கதையின் அறம் ஈகையில் மட்டுமன்று, பெறுவோரின் அடக்கத்திலும் உள்ளது என்க.

இவ்வடக்கமே இன்றைய இழைய மருத்துவத்தின் உரைகல். சுவீடனில் மருத்துவர் மக்கியாரினி 2011 முதல் நெகிழியாலான மூச்சுக்குழாயில் நோயாளரின் மூலக்கலங்களை இட்டுப் பொருத்தினார். விலங்குகளிற் போதிய சோதனை நடந்திருக்கவில்லை. அங்கு அச்சிகிச்சை பெற்ற மூவரும் பின்னர் இறந்தனர். 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனத் தீர்த்தது. மூலிகையைத் தேடாது ஊனுக்கு விரைந்த துணிவு இது; 'நில்' என்று தடுத்த கை அங்கு உரிய காலத்தில் எழவில்லை.

நம் நாட்டின் நிலை வேறு. டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் நிறுவிய கண்தானச் சங்கம் 1964 முதல் பிறநாட்டார்க்கும் கண் வழங்கியது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இழையக் கொடையை இசைவின்மேல் நிறுத்தியது. ஆயின் புதிய வினாவொன்று எழுந்துள்ளது. இறந்தோர் ஈந்த விழிவெண்படலத்தின் உட்கலங்களை வளர்த்து, 11 நோயாளரின் கண்களில் ஊசிவழிச் செலுத்திய ஆய்வை யப்பானின் கியோத்தோ மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டனர். ஒரு கண் பலர்க்கு உதவுமெனின் அது பெருநன்மையே. ஆனால், ஒருவர்க்கெனத் தந்த இசைவு வளர்த்துப் பெருக்குதற்கும் செல்லுமா? கொடையாக வந்தது விலைப்பண்டமாக வெளியேறலாமா?

கரடியனாற்றுக் களவெட்டியிலே நெற்சுணை கண்ணிற்பட்டுப் புண்ணாகி, விழிவெண்படலம் வெளுத்துப் பார்வையிழக்கும் கூலியாளை எண்ணுக. அவன் அயலவர் இலவசமாக ஈந்த கண், போடியார் மட்டுமே வாங்கத்தக்க மருந்தாய்த் திரும்புமாயின், அதனைக் கண்ணப்பரின் பெயரால் அழைத்தல் தகாது. கொடுப்போரைப் புகழ்தல் எளிது. பெறுவோரை, அதாவது மருத்துவமனையையும் வணிகத்தையும், அறத்திற்கு உட்படுத்துதலே நம் கடன்.