பியரும் துடக்கும்

புகலிடச் சஞ்சிகையொன்றில் பியரைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருக்கவே செய்வர். (அவர்களில் பாதிப்பேர் சனிக்கிழமை இரவுகளில் என்ன செய்கிறார்கள் என்பது நாமறிந்ததே.) முதலில் ஜேர்மனியின் கொலோனிலும் பின்னர் பெல்ஜியத்தின் பிரசல்ஸிலும் ரெஸ்ரோரண்ட் குசினிகளில் கிளாஸ் கழுவிய தகுதியில் இதனை எழுதுகிறோம்.

கொலோனில் ஒரே வகைக் கிளாஸ்தான். இருநூறு மில்லிலீற்றர் கொள்ளும், ஒடுங்கிய, நேரான கிளாஸ். அதில் வருவது அந்நகரின் கோல்ஷ். வெளிறிய, மெல்லிய பியர். குடித்து முடிய, கேளாமலே அடுத்தது வரும். போதுமென்றால் அட்டையை எடுத்துக் கிளாசை மூடவேண்டும். பிரசல்ஸிலோ பியருக்கொரு கிளாஸ். துறவிமடத்தில் காய்ச்சப்படும் ஓர்வாலுக்குக் கனத்த கிண்ணம். ஹூகார்டனுக்குத் தடித்த அறுகோணக் கிளாஸ். மாறி ஊற்றினால் ஏச்சு விழும். கழுவுபவரின் கட்சியில் நின்று பார்த்தால் ஜேர்மனியே மேல்.

குடிப்பவரின் பக்கம் வரும்போதுதான் சிக்கல். ஜேர்மன்காரரோடு பியர் பற்றிக் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே 'தூய்மைச் சட்டம்' வந்துவிடும். 1516இல் பவேரியக் கோமகன்கள் பிறப்பித்த கட்டளை அது. பார்லி, ஹொப்பு, தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது. உண்மையில் அக்கட்டளையின் பெரும்பகுதி விலைக்கட்டுப்பாடு பற்றியது. தூய்மை என்ற பெயர் அதற்கு ஒட்டியது 1918இல்தான். நொதிக்கவைக்கும் ஈஸ்ற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லுமில்லை. வேலை செய்பவரின் பெயர் பட்டியலில் இல்லாதிருப்பது குசினிக்காரரான எமக்குப் புதினமல்ல. கோதுமைப் பியர் காய்ச்சும் உரிமை பிற்பாடு ஒரு பிரபுக் குடும்பத்துக்கு விசேடமாக வழங்கப்பட்டது. 1602இல் அக்குடும்பம் வாரிசற்றுப்போக, கோமகனே அதைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டார். ஊருக்குத்தான் உபதேசம்.

இதே தூய்மையைக் காட்டித்தான் அயல்நாட்டவர் பலரின் பியரைப் 'பியர்' என்ற பெயரில் விற்க ஜேர்மனி மறுத்துவந்தது. அது செல்லாதென ஐரோப்பிய நீதிமன்றம் 1987இல் தீர்ப்பளித்தது. ஆனாலும் எங்கட ஆக்கள் சிலர், "சுத்தமான பியர் அண்ணை, கலப்பே இல்லை" என்று ஜேர்மன்காரரை விஞ்சிப் பெருமை பேசுவார்கள். அதே வாய் கலியாணப் பேச்சிலும் கலப்பில்லைத்தானே என்று விசாரிப்பதையும் கேட்டிருக்கிறோம்.

ஹூகார்டனில் கொத்தமல்லியும் தோடம்பழத் தோலும் போடுகிறார்கள். எமது கறிக்குப் போடும் அதே மல்லிதான். பவேரியக் கோதுமைப் பியரிலும் கராம்பும் வாழைப்பழமும் மணக்கும். அவை போட்டவையல்ல, ஈஸ்ற் தருபவை. இரண்டில் பவேரியனே திறமென்பது எம் நாக்கின் தீர்ப்பு. சட்டத்தின் மீதுள்ள கோபத்தில் ருசியைப் பொய்யாக்க முடியாது.

பெல்ஜியத்தைச் சொர்க்கமாக்கவும் நாம் தயாரில்லை. அங்கே பெரும்பாலானோர் குடிப்பது சாதாரண பில்ஸ். 1919இல் வந்த சட்டமொன்று மதுச்சாலைகளில் சாராய வகைகளைத் தடுத்தது. கடையில் வாங்குவதாயின் குறைந்தது இரண்டு லீற்றர் வாங்கவேண்டியிருந்தது. தொழிலாளியின் கைக்கு அது எட்டவில்லை. பெல்ஜியத்தில் வெறி கூடிய பியர்கள் பெருகியதற்கு இதுவுமொரு காரணமென்பர்.

ஆனால் லம்பிக்கை என்ன செய்வது? பிரசல்ஸிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும், காய்ச்சிய சாற்றை அகன்ற திறந்த தொட்டியில் ஓரிரவு ஆறவிடுகிறார்கள். ஈஸ்ற் எவரும் போடுவதில்லை. காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருப்பதே நொதிக்கவைக்கிறது. முதல் மிடறில் புளிப்பு முகத்தைக் கோணவைத்தது. இரண்டாவது மிடறில் கள்ளு. பனையில் கட்டிய முட்டிக்குள் யார் ஈஸ்ற் போட்டது?

அந்தக் கள்ளை எமது ஊரில் கோடிப்புறத்தில் குந்தியிருந்து குடித்தவர்கள், அதைச் சீவியவரை விறாந்தையில் ஏறவிடவில்லை. அவர் கை பட்ட கள்ளில் துடக்கில்லை. அவர் கை பட்டால் செம்பில் துடக்கு. எமது தகப்பனாரும் அப்படிக் குடித்தவர்தான். பனையோலையில் கோலிய பிளாவில் ஊற்றிக் குடித்துவிட்டு, பிளாவை வேலியோரம் எறிந்துவிடுவார். அதைக் கழுவ ஆள் தேவைப்படவில்லை.