ஜீன்ஸின் வெட்டும் உடலின் வளைவும்

ஜீன்ஸ் ஒருவருக்குப் பொருந்துமா என்பதை இடுப்பு அளவு பாதிதான் சொல்லும். மீதியைச் சொல்வது, இடுப்புப்பட்டிக்குக் கீழே தொடை தொடங்கும்வரை உள்ள பகுதி. தையற்காரர்கள் இதை ‘சீட்’ என்பார்கள். நல்ல வெட்டின் நுட்பமெல்லாம் இங்கேதான் குவிந்திருக்கிறது.

சாதாரண பேண்ட்டின் பின்புறத்தில், இடுப்பின் ஒடுக்கத்தையும் அதன் கீழுள்ள திரட்சியையும் இணக்கப்படுத்த ‘டார்ட்’ என்னும் கூம்புமடிப்பைப் பிடிப்பார்கள். ஜீன்ஸில் அந்த வேலையைச் செய்வது ‘யோக்’: நடுவில் அகன்று பக்கங்களில் ஒடுங்கும் தனித்துண்டு. தட்டையான இரண்டு துணிகள் ஒரே தையலில் கிண்ணம்போலக் குழிவது, உடைக்கலை கண்ட அழகான தீர்வுகளில் ஒன்று. யோக்கின் நடுமுனை ஆழமாக இறங்கினால் பின்புறம் திரண்டு தெரியும். நேர்கோடாகப் போனால் தட்டையாகத் தெரியும். பாக்கெட்டுகளும் இதில் சேர்ந்துகொள்ளும். விலகித் தைத்தவை பின்புறத்தை அகலமாகக் காட்டும். நெருங்கியவை ஒடுக்கிக் காட்டும். சிறிய பாக்கெட் சுற்றியுள்ள பரப்பைப் பெரிதாக்கிவிடும்.

அடுத்தது ‘ரைஸ்’, அதாவது கவட்டுத் தையலிலிருந்து பட்டியின் மேல்விளிம்புவரை உள்ள உயரம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட நீளமாக இருக்கவேண்டும். அந்த நீளம்தான் உட்காரும்போது பட்டி கீழிறங்காமல் காக்கிறது. 1947-இல் ரோடியோ பென் என்ற தையற்கலைஞர் ராங்லர் நிறுவனத்துக்காக வடிவமைத்த 13எம்டபிள்யூஇசட் ரக ஜீன்ஸ் இதற்கு நல்ல சான்று. குதிரைச் சேணத்தில் அமர்பவருக்கென்றே உயர்ந்த ரைஸும், சேணத்தைக் கீறாத வழவழப்பான ரிவெட்டுகளும் அதில் அமைந்தன. உயர்ந்த ரைஸ் கால்களை நீளமாகவும் காட்டும் என்பதால் குள்ளமானவர்களுக்கு அது அழகு சேர்க்கும். உடம்பின் மேற்பகுதி குட்டையாக உள்ளவர்களுக்கு நடுத்தர உயரமே நல்லது.

போட்டுப் பார்க்கும்போது துணியில் விழும் சுருக்கங்களைக் கவனிக்கவேண்டும். கவட்டிலிருந்து இடுப்பெலும்பை நோக்கி விசிறிபோல் பாயும் கோடுகள் சீட் இறுக்கம் என்பதைக் காட்டும். முன்பாக்கெட்டின் வாய் பிளந்து நின்றாலும் அதே குறைதான். பின்புறத்துக்குக் கீழே துணி தொங்கி மடிந்தால் பின் ரைஸ் அதிகம். சீட் சரியாக இருந்து இடுப்பு மட்டும் தளர்ந்திருந்தால் தயங்காமல் வாங்கலாம், பட்டியைப் பிடித்துத் தைப்பது எளிது. இறுகிய சீட்டை விரிக்கத் தையலுக்குள் துணி இருக்காது. உட்கார்ந்து எழாமல் எந்த ஜீன்ஸையும் முடிவுசெய்யக்கூடாது.

துணியின் குணமும் அளவை மாற்றும். டெனிம், நீலம் தோய்ந்த பாவும் வெள்ளை ஊடும் கொண்ட சாய்வரி நெசவு. சதுர கெஜத்துக்கு 12 முதல் 14 அவுன்ஸ் எடையுள்ள முழுப் பருத்தித் துணி, உடுத்த உடுத்த இடுப்பில் சற்று இளகும். ஆகவே தொடக்கத்தில் கொஞ்சம் இறுக்கமாகவே எடுக்கலாம். ஆனால் முன்கூட்டியே சுருக்கப்படாத லீவைஸ் 501 வகை முதல் நனைப்பில் 10 சதவீதம்வரை சுருங்கும். அதற்கேற்பப் பெரிய அளவே எடுக்கவேண்டும். ஒன்றிரண்டு சதவீதம் எலாஸ்டேன் கலந்த துணி முதல் நாளே மெத்தென்று ஒட்டிக்கொள்ளும். சூடு பட்டால் அந்த மீள்திறன் குறையும் என்பதால் அதை நிழலில் காயவைப்பது நல்லது. காலப்போக்கில் அணிபவரின் உடல்வாகை ஏற்று, மடிப்பு மடிப்பாக வெளுத்து அழகு கூடும் பேறு முழுப் பருத்திக்கே அதிகம்.

அடுத்தது காலின் வெட்டு. இடுப்பு அகன்றவர் கணுக்காலில் குறுகும் வெட்டை அணிந்தால் அகலம் மேலும் தூக்கலாகத் தெரியும். நேராக இறங்கும் காலோ, முழங்காலுக்குக் கீழ் லேசாக விரியும் பூட்கட்டோ அதைச் சமன்செய்யும். தொடை பருத்தவர் தொடையில் தாராளமும் கீழே மெல்லிய ஒடுக்கமும் உள்ளதைத் தேடலாம். மெலிந்த கால்களுக்கு மிக இறுக்கமான வெட்டைவிட நேர்வெட்டே நிறைவு தரும்.

கால்நீளத்தைக் கடைசியில் பார்த்தாலும் அலட்சியம் கூடாது. அதிக நீளமாக வாங்கிக் கீழே வெட்டினால், முழங்காலுக்கென்று அமைத்த ஒடுக்கம் கெண்டைக்காலில் போய் நிற்கும். ஓரிரு அங்குலத்துக்கு மேல் குறைக்கத் தேவையில்லாத நீளமே சரி. அப்போதும் துவைத்துச் சுருங்கிய பிறகு வெட்டி, சங்கிலித் தையலில் மடித்தடிக்கச் சொல்லவேண்டும்; அந்தத் தையலைப் போடும் யூனியன் ஸ்பெஷல் இயந்திரத்தில் அடித்த மடிப்புவிளிம்பு, நாளடைவில் கயிறு முறுக்கியதுபோல் சாய்ந்து வெளுக்கும்.